உழவின் ஆழமும் எரிபொருளின் அளவும்

"அகல உழுவதிலும் ஆழ உழு" என்பது தமிழ் உழவர் வழிவழியாகக் கூறிவரும் பழமொழி. எருதும் மரக்கலப்பையும் உழவுக்கு உரியனவாயிருந்த காலத்தில் அது தோன்றியது. மரக்கலப்பையின் கொழு மண்ணுள் நாலைந்து அங்குலத்துக்கு மேற் செல்வது அரிது. அதற்கு மேல் இழுக்க எருது இணங்காது. மேழி பிடித்தவனின் கையும் இணங்காது. ஆதலின் ஆழத்துக்கு எல்லை வகுக்க வேண்டிய தேவை அப்பழமொழிக்கு இருக்கவில்லை. எருதின் வலுவே எல்லையாய் அமைந்தது.

உழவு இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று. நெம்புகோல் ஒன்றைச் சற்றே தாழ்த்தினால் எட்டு அங்குலமும் பத்து அங்குலமும் உழுதுவிடலாம். எருது களைத்தால் நின்றுவிடும், இயந்திரமோ நிற்பதில்லை. அதன் களைப்பு எரிபொருட் செலவாக மாறி, போகத்தின் முடிவில் உழவனின் கணக்கிலே வந்து சேரும்.

இக்கணக்கு எத்துணைக் கடுமையானது என்பதை இலங்கை உழவர் 2022ஆம் ஆண்டிற் கண்டனர். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுக்க ஆயத்தமாயிருந்தவர்க்கும் அது எளிதிற் கிட்டவில்லை. அவ்வாண்டுச் சிறுபோகத்தில் வயலில் நிற்க வேண்டிய உழவர் கலன்களுடன் எரிபொருள் நிலையங்களின் வாயிலில் நின்றனர். எரிபொருட் தடை நிலவிய 1990களின் முற்பகுதியைக் கடந்து வந்த யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு இந்நிலை புதியதன்று. தானே விளைவிக்க முடியாத ஒரு பொருளின்றி நிலத்தைப் பண்படுத்த முடியாது என்னும் நிலை, உழவுத் தொழிலுக்கு ஒரு பெருங் குறைபாடேயாகும். ஆகவே, உழவில் எரிபொருள் எங்கெங்கே செலவாகின்றது, எங்கே வீணாகின்றது, அதனை எவ்வாறு குறைக்கலாம் என ஆராய்தல் பயனுடைத்து.

ஒரு லீற்றர் செய்யும் வேலை

ஒரு ஹெக்டேயர் நிலத்தை ஒரு மீற்றர் அகலமாக உழுதுசெல்லும் கலப்பையொன்று மொத்தம் 10 கிலோமீற்றர் செல்ல வேண்டும். உழவின் ஆழம் 20 சென்ரிமீற்றர் எனவும், மண் நடுத்தரமான இறுக்கமுடையது எனவும் கொள்வோமாயின், கலப்பையை இழுக்க ஏறக்குறைய 10,000 நியூற்றன் விசை வேண்டும். இவ்விசை 10 கிலோமீற்றர் தூரம் தொழிற்படும்போது செய்யப்படும் வேலை 100 மெகாயூல் ஆகும்.

ஒரு லீற்றர் டீசலில் அடங்கியுள்ள சத்தி ஏறத்தாழ 36 மெகாயூல். இதனை மட்டும் நோக்கின் மூன்று லீற்றர் டீசல் ஒரு ஹெக்டேயருக்குப் போதும் எனத் தோன்றும். ஆனால், எஞ்சினுள் எரியும் டீசலின் சத்தியில் மூன்றிலொரு பங்கிலும் குறைவானதே பெரும்பாலும் சுழலும் அச்சை அடைகின்றது. ஏனையது புகைபோக்கி வழியாகவும் குளிராக்கும் நீர் வழியாகவும் வெப்பமாய்ச் சென்றொழிகின்றது. அச்சை அடைந்த சத்தியிலும் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே கலப்பையைச் சென்றடையும். மீதி பற்சில்லுகளின் உராய்விலும், சில்லுகளின் வழுக்கலிலும், இளகிய மண்ணில் அமிழ்ந்தெழுந்து செல்வதிலும் கழிந்துவிடும். முடிவில் ஒரு லீற்றர் டீசலிலிருந்து மண்ணைப் பெயர்க்கப் பயன்படுவது 7 மெகாயூல் அளவே. எனவே மேற்கூறிய வேலைக்கு மூன்று லீற்றர் அன்று, ஏறக்குறைய 14 லீற்றர் வேண்டியிருக்கின்றது. 2021 டிசம்பர் விலையில் இதன் பெறுமதி 1,694 ரூபா. அடுத்த ஜூன் இறுதியில் 6,440 ரூபா. இதுவும் ஓர் உழவுக்கு மட்டுமே.

இக்கணக்கு மூன்று வாயில்களைக் காட்டுகின்றது. ஒன்று எஞ்சின், மற்றொன்று சில்லு, மூன்றாவது மண். முதலிரண்டிலும் வீணாவதைக் குறைக்கலாம். மூன்றாவதில் செய்ய வேண்டிய வேலையையே குறைக்கலாம்.

எஞ்சினும் அதன் வேகமும்

எஞ்சினின் வேகம் மிகுந்தால் வேலையும் மிகும் என்ற எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. கனமான இழுவைக்கு இஃது உண்மையாகலாம். இலகுவான வேலைக்கு உண்மையன்று. எஞ்சின் ஒவ்வொரு முறை சுழலும்போதும் தன் உள்ளுறுப்புகளின் உராய்வை வெல்வதற்கென ஒரு பங்கு எரிபொருளைச் செலவிடுகின்றது. இழுவை சிறிதாயினும் பெரிதாயினும் இப்பங்கு பெரிதும் மாறுவதில்லை. ஆகவே, இலகுவான வேலையை உயர்ந்த எஞ்சின் வேகத்திற் செய்யும்போது எரிபொருளின் பெரும்பகுதி எஞ்சினைச் சுழற்றுவதிலேயே போய்விடுகின்றது. அதே வேலையை ஒரு கியர் உயர்த்தி, எஞ்சினின் வேகத்தைத் தாழ்த்திச் செய்தால் நிலத்தின்மீது செல்லும் வேகம் குறையாது. எரிபொருள் மட்டும் குறையும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், விற்கப்படும் உழவு இயந்திரங்கள் சோதிக்கப்பட வேண்டும் என 1919இல் ஒரு சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு லிங்கன் நகரிலுள்ள அதன் பல்கலைக்கழகத்தில் சோதனைகள் தொடங்கின. அரைச் சுமையில் எஞ்சின் வேகத்தைத் தாழ்த்தி ஓட்டினால் எரிபொருள் எவ்வளவு குறையும் என்பதும் அங்கே அளக்கப்படும் செய்திகளுள் ஒன்று. ஆயினும் இம்முறைக்கு ஒரு வரம்புண்டு. எஞ்சின் திணறிக் கரும்புகை கக்குமாயின் அது அளவுக்கு மேல் தாழ்த்தப்பட்டுவிட்டது என்பது பொருள். கரும்புகை என்பது முற்றாக எரியாத எரிபொருளேயன்றி வேறன்று. புழுதி நிறைந்த நிலத்தில் காற்று வடி அடைபட்டாலும் இவ்வாறே நேரும். நாட்டொடக்கத்தில் அதனைத் துப்புரவு செய்தல் செலவற்ற ஒரு சேமிப்பாகும்.

சில்லும் நிலமும்

சில்லு சுழலுந் தூரமும் இயந்திரம் முன்செல்லுந் தூரமும் உழவின்போது ஒன்றாய் இருப்பதில்லை. சில்லு நான்கு மீற்றர் சுழன்று இயந்திரம் மூன்று மீற்றரே சென்றால், எரிபொருளின் காற்பங்கு நிலத்தைச் சுரண்டுவதிற் கழிந்தது என்க. இவ்வழுக்கலை அளத்தல் எளிது. பின்சில்லின் பக்கத்திற் சுண்ணாம்பினால் ஓர் அடையாளமிட்டு, கலப்பையை உயர்த்தியபடி சில்லு பத்து முறை சுழலும்வரை ஓட்டிச் சென்ற தூரத்தை அளக்க வேண்டும். பின்னர் கலப்பையைத் தாழ்த்தி உழுதவாறே மீண்டும் பத்துச் சுற்று ஓட்ட வேண்டும். முதலில் 40 மீற்றரும் பின்னர் 34 மீற்றரும் சென்றிருப்பின், வழுக்கல் 15 வீதமாகும்.

உறுதியான நிலத்தில் 8 முதல் 15 வீதம் வரையிலான வழுக்கல் ஏற்றது. அதனினும் மிகுந்தால் சில்லின்மீது பாரம் குறைவு, அல்லது கலப்பை அளவுக்கு மேல் ஆழ்ந்துள்ளது, அல்லது ரயர் தேய்ந்துள்ளது என அறியலாம். அதனினும் மிகக் குறைந்தால் இயந்திரம் வேண்டாத பாரத்தைச் சுமந்து திரிகின்றது என்பது பொருள். வேண்டாத பாரம் எரிபொருளை உண்பதோடு மண்ணையும் இறுக்கும். இறுகிய மண் அடுத்த போகத்தில் மேலும் எரிபொருள் கேட்கும்.

ரயரின் காற்றமுக்கமும் இங்குக் கருதத்தக்கது. இந்நாட்டில் உழவு இயந்திரம் வயலில் நிற்கும் நாட்களைப் போலவே பெட்டி பூட்டி வீதியில் ஓடும் நாட்களும் பல. வீதிக்கென ஏற்றிய உயர்ந்த அமுக்கத்தோடு வயலில் இறங்கும் ரயர் நிலத்தைச் சிறிதளவே தொடும், ஆழ அமிழும், மிக வழுக்கும். அமிழ்ந்த சில்லு தான் தோண்டிய குழியிலிருந்து ஏறிக்கொண்டே செல்கின்றது. சமதரையிலும் அதற்கு மேட்டேற்றமே. ஆகவே, தயாரித்தோர் விதித்த எல்லைக்குள் வயலுக்கு அமுக்கத்தைக் குறைத்தும் வீதிக்குக் கூட்டியும் ஓட்டுதல் நன்று.

வயலின் வடிவமும் ஒரு செலவே. 100 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமுமுள்ள நிலத்தை ஒரு மீற்றர் அகலமாக உழுகையில் நூறு முறை திரும்ப வேண்டும். அதே பரப்பு 200 மீற்றர் நீளமும் 50 மீற்றர் அகலமுமாயின் ஐம்பது முறை திரும்பினாற் போதும். திரும்பும் ஒவ்வொரு முறையும் டீசல் எரிகின்றது, மண் புரள்வதில்லை. எனவே நீளவாட்டில் உழுதலே சிக்கனமாகும்.

மண்ணின் ஈரம்

ஒரே நிலம் ஒரு கிழமையில் இரும்பாகவும் மறு கிழமையில் மெழுகாகவும் இருக்கக் கூடும். உலர்வலயத்துச் செங்கபில மண் காய்ந்தால் கல்போல் இறுகும். முருங்கன் பகுதியின் கருங்களி மண் காய்ந்தால் வெடிக்கும். நனைந்தால் சில்லைப் பற்றிக்கொள்ளும். காய்ந்து இறுகிய மண்ணை உடைக்க மிகுந்த விசை வேண்டும்; மிகை ஈரத்திலோ சில்லு வழுக்கும், கொழுவில் மண் அப்பும், உழுத மண் கட்டிகளாய்க் காய்ந்து மற்றோர் உழவைக் கேட்கும். இரண்டுக்கும் இடையே மண் சிறு விசைக்கே பொலபொலவென்று உதிரும் ஒரு பதமுண்டு.

இப்பதத்தை அறியக் கருவி வேண்டியதில்லை. ஒரு பிடி மண்ணை உழவு ஆழத்திலிருந்து எடுத்து, உள்ளங்கையில் உருட்டி மெல்லிய திரியாக்கிப் பார்த்தல் போதும். மூன்று மில்லிமீற்றர் அளவுக்கு மெலிந்தும் உடையாது திரியாக நிற்குமாயின் ஈரம் மிகுதி. அவ்வளவுக்கு மெலியும்போது உதிருமாயின் உழவுக்கு ஏற்ற நிலை அணுகிவிட்டது. சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் அல்பேட் அட்டர்பேர்க் 1911இல் மண்ணின் ஈர எல்லைகளை வகுத்தார். மண்ணைத் திரியாக உருட்டி அறியும் இச்சோதனை அவர் வழி வந்தது. முதல் மழைக்குப் பின் புழுதி விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்தும் உழவர் மண்ணை மிதித்தும் பிசைந்தும் பார்ப்பது இவ்வறிவேயாகும். வாடகை இயந்திரம் எந்நாளில் வருகின்றதோ அந்நாளில் உழுதல் என்னும் இக்கால வழக்கம் இவ்வறிவைப் பயனற்றதாக்குகின்றது. அயலவர் பலர் கூடி மண்ணின் பதத்தை நோக்கி இயந்திரத்தை வரவழைப்பார்களாயின் அனைவர்க்கும் ஆதாயம் உண்டு.

ஆழமும் தடவையும்

இதுகாறும் கூறியவை வீணாவதைத் தவிர்க்கும் வழிகள். இனிக் கூறுவது இவையனைத்தினும் பெரியது. உழவை ஒரு சென்ரிமீற்றர் ஆழமாக்கினால் ஒரு ஹெக்டேயரில் மேலும் நூறு கன மீற்றர் மண் புரள வேண்டும். அதன் நிறை ஏறத்தாழ 140 தொன். ஒரு விரலின் அகலத்திலும் குறைந்த ஆழத்துக்கு இத்துணைப் பாரம்! 20 சென்ரிமீற்றரை 15 ஆகக் குறைத்தாலே மேற்கூறிய பதினான்கு லீற்றரில் மூன்றரை லீற்றர் மிஞ்சும். கீழ்மண் மேல்மண்ணிலும் இறுக்கமானதாயின் மிச்சம் இன்னும் கூடும். ஒரு தடவை உழவைத் தவிர்த்தாலோ அத்தடவையின் செலவு முழுவதுமே மிஞ்சும்.

வேகமும் இவ்வாறே. மண்ணைப் புரட்டும் கலப்பையை விரைந்து இழுத்தால் மண் தூர எறியப்படுகின்றது. அவ்வாறு எறிதற்கு வேண்டிய விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. சுழலும் கத்திகளையுடைய ரொட்டவேற்றரிலும் இதனைக் காணலாம். மண்கட்டி எவ்வளவு சிறிதாக நறுக்கப்படுகின்றதோ அவ்வளவுக்குச் சத்தி செலவாகும். மாவுபோல் நொறுக்கிய மண் கண்ணுக்கு இனிதாகத் தோன்றலாம். ஆனால் முதற் பெருமழையில் அதன் மேற்பரப்பு கரைந்து ஓடுபோற் படிந்து, முளையை வெளிவரவொட்டாது தடுக்கும். அவ்வாறாயின் பணம் கொடுத்துக் கேட்டை வாங்கியதாகவே முடியும்.

உழவு மிகுந்தால் விளைவு மிகும் என்ற நம்பிக்கை ஆய்வுக்கு உட்படாத ஒன்றன்று. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் 1930களில் கீன், ரசல் என்னும் அறிஞர் இருவர் இதனைப் பரிசோதித்தனர். களையை அடக்கவும் விதைக்கு ஏற்ற படுக்கையை அமைக்கவும் வேண்டிய அளவுக்கு மேற் செய்யப்படும் உழவினால் விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்பது அவர்கள் கண்ட முடிபு.

சேற்றுழவு

நெல்வயலின் நிலை இவற்றினின்றும் சற்று வேறுபட்டது. அங்கே உழவின் நோக்கம் மண்ணை இளக்குவது மட்டுமன்று; நீர் கீழிறங்காதவாறு சேறாக்குதலும், களையைப் புதைத்து அழுகச் செய்தலும், நிலத்தை மட்டமாக்குதலும் ஆகும். இம்மூன்றுக்கும் 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழமான சேறு போதுமானது. அதன்கீழே பல்லாண்டு உழவினால் இறுகிய ஒரு படை உண்டு. மேட்டுநிலப் பயிருக்குப் பகையாகும் அப்படை நெல்லுக்கு நட்பாகும். அது நீரைத் தாங்குகின்றது, இயந்திரத்தையும் தாங்குகின்றது. ஆழ உழுது அதனை உடைத்துவிட்டால் நீர் கசிந்தொழியும், சில்லு அமிழும், அடுத்தடுத்த போகங்களில் ஒவ்வோர் உழவும் மேலும் கனக்கும். "ஆழ உழு" என்ற பழமொழியை நெல்வயலில் இயந்திரத்தோடு பின்பற்றுதல் எத்துணைக் கேடு என்பது இதனாற் புலப்படும்.

முதலுழவுக்குப் பின் இரண்டு கிழமையளவு நீரைக் கட்டி வைத்தால் களைகளும் அடித்தாளும் அழுகும். கட்டிகள் தாமே இளகும். அதன்பின் ஓர் உழவும் ஒரு மட்டப்படுத்தலும் பெரும்பாலும் போதியவை. இவ்விடைவெளியைச் சுருக்கி ஒரே கிழமையில் எல்லாவற்றையும் முடிக்க முயல்பவர், நீரும் காலமும் கூலியின்றிச் செய்யும் வேலையை டீசலைக் கொண்டு செய்விக்கின்றனர். குளத்து நீர் குறைவாயுள்ள இடங்களில் நீரை நெடுநாள் கட்டி வைத்தல் இயலாது என்பதும் உண்மையே. ஆண்டுதோறும் வயலை நன்கு மட்டமாக வைத்திருத்தல் அத்தகைய இடங்களில் நீர், எரிபொருள் இரண்டையும் ஒருங்கே மிச்சப்படுத்தும். மேடும் பள்ளமுமான வயலில் மேட்டை மூடுமளவும் நீர் கட்ட வேண்டியிருப்பதோடு, மேட்டில் எழும் களைக்காகவே மற்றோர் உழவும் வேண்டியிருக்கும்.

உழவின் நோக்கம்

இவ்வாராய்ச்சியில் இலங்கையர் ஒருவரின் வாழ்வு சிறந்த சான்றாகும். கேம்பிரிட்ஜிற் பொறியியல் கற்ற ரே விஜேவர்தன (1924–2010), 1950களில் லாண்ட்மாஸ்ரர் என்னும் இருசில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர். அது இங்கிலாந்தில் உற்பத்தியாகிப் பல நாடுகளுக்குச் சென்றது. இருசில்லு இயந்திரம் எதுவாயினும் அதனை லாண்ட்மாஸ்ரர் என்றே அழைக்கும் வழக்கம் இலங்கைத் தமிழ் ஊர்களில் வேரூன்றுமளவுக்கு அப்பெயர் பரவியது. இத்துணைப் புகழ் பெற்ற இயந்திரத்தைத் தந்தவரே, எருமை செய்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றியதன்றி உழவின் தேவையைப் பற்றி ஆராயவில்லை என்னும் முடிவுக்குப் பின்னாளில் வந்தார். 1970களில் நைஜீரியாவின் இபடான் நகரிலுள்ள அனைத்துலக வெப்பவலய வேளாண்மை நிறுவகத்தில், மண்ணைப் புரட்டாது மூடுபடையின்கீழ்ப் பயிரிடும் முறைகளில் ஈடுபட்டார். நாடு திரும்பிய பின், சீமைக்கிளுவை போன்ற மரங்களை வரிசையாக நட்டு அவற்றின் தழையால் நிலத்தை மூடிப் பயிரிடுதலை வலியுறுத்தினார்.

உழவினாற் பெறும் பெரும்பயன் களையை அடக்குதலே என்பது அவரும் அவரையொத்த பிறரும் கண்ட உண்மை. களையை வேறு வழியில் அடக்க முடியுமாயின் உழவின் பெரும்பகுதி தேவையற்றதாகும். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. உழாது விதைக்கும் முறை பல நாடுகளில் களைகொல்லியை நம்பியே பரவிற்று. இலங்கையில் கிளைபோசேற்று 2015இல் தடைசெய்யப்பட்டு, 2022இல் அத்தடை நீக்கப்பட்டது. டீசலை விட்டு நஞ்சை நம்புதல் ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் வாங்குதலை ஒக்கும். மூடுபடை, பயிர்ச் சுழற்சி, நெல்வயலில் நீர்க்கட்டு என்பனவற்றால் களையை அடக்கி, எஞ்சியதற்கு மட்டும் கலப்பையை அல்லது மருந்தை நாடுதலே நடுநிலையான வழி.

திருக்குறளின் உழவு அதிகாரம் இங்கு நினைவுகூரத்தக்கது. உழுத புழுதி காற்பங்காய்ச் சுருங்குமாறு காயவிடுதலை வள்ளுவர் போற்றுகின்றார்; அடுத்த குறளிலோ உழுதலினும் எருவிடுதல் நன்று என்கின்றார். எரு இட்ட மண் இளகிய மண். இளகிய மண் சிறு விசைக்கே இணங்கும் மண். எருது இழுத்த கலப்பைக்குப் பின்னால் சாணமும் நிலத்தைச் சேர்ந்தது. இயந்திரம் அதனைத் தருவதில்லை. ஆதலின் இயந்திரத்தால் உழுபவன் எருவைத் தனியே தேடி இட வேண்டிய கடமையுடையவன். அவ்வாறு செய்வானாயின், எஞ்சினில் மிச்சப்படுத்துவதிலும் மிகுதியாக மண்ணில் மிச்சப்படுத்துவான்.

எஞ்சினின் வேகத்தைத் தாழ்த்துதலும், சில்லின் வழுக்கலை அளத்தலும், மண்ணின் பதம் நோக்கி உழுதலும் ஒவ்வோர் உழவரும் செலவின்றி இன்றே மேற்கொள்ளத்தக்கவை. ஆயினும் இயந்திரத்தை வயலில் இறக்குமுன் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இந்த உழவு எதற்காக? களைக்காகவா, நீருக்காகவா, விதைக்காகவா? விடை கிடைக்குமாயின் ஆழமும் தடவையும் அதனோடு கிடைக்கும். விடை கிடைக்காத உழவு, உழப்படாமல் இருப்பதே சிறப்பு.